எழுந்து நிற்கக் கூடாத வியாழக்கிழமை

ஊன்றுகோலைக் குளியல் தொட்டிக்குள் கிடத்தி மூடியைச் சாத்தும்போதே வாசல் மணி அடித்துவிட்டது. கிக்குயோவுக்குப் பகீரென்றது. நகராட்சி ஆய்வாளர் முன்னதாகவே வந்துவிட்டார்.

"ஏங்க, எழுந்திருக்காதீங்க! படுத்தே இருங்க!" என்று குளியலறையிலிருந்தே கத்தினாள்.

வாசல் கதவு நகரும் சத்தம்தான் கேட்டது.

போன வருடமும் இப்படித்தான் ஆயிற்று. பக்கவாதத்தில் வலப்பக்கம் விழுந்துபோயிருந்த அவள் கணவர் தெட்சுஜி, ஆய்வாளரைக் கண்டதும் மண்டியிட்டு உட்கார்ந்து, தேநீர் ஊற்றிக் கொடுத்து, தெருமுனை வரை போய் வழியனுப்பிவிட்டு வந்தார். அதன் பிறகு இரண்டு நாள் கண்ணே திறக்கவில்லை. அது யாருக்குத் தெரியும்? நல்ல முன்னேற்றம் என்று எழுதி, நகராட்சி உதவி எவ்வளவு என்று தீர்மானிக்கும் பராமரிப்பு நிலையைக் குறைத்துவிட்டார்கள். வாரம் மூன்று நாள் போய்வந்த பிசியோதெரபி இரண்டு நாளாகிவிட்டது. இந்த முறையும் குறைத்தால் ஒரே நாள்தான். சுருண்டு கிடந்த விரல்கள் இப்போதுதான் விரிய ஆரம்பித்திருக்கின்றன. பயிற்சி குறைந்தால் அவை மறுபடி மூடிக்கொள்ளும்.

தெட்சுஜி ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வந்து இறங்குகிறவருக்கு எழுந்து நிற்காவிட்டால் அவருக்கு உயிரே போய்விடும். நடிக்கச் சொன்னால் மானப் பிரச்சினை ஆக்கிவிடுவார். ஆகவே கிக்குயோ காரணம் சொல்லாமல் ஒரு மாதமாகவே அவரைப் படுக்கைக்குப் பழக்கிவந்தாள். சாப்பிடும் குச்சிகளால் சோயா பீன்ஸ் பொறுக்கும் பயிற்சியை நிறுத்தினாள். கரண்டியால் ஊட்டிவிட்டாள். செருப்பை எடுத்து அரிசி டப்பாவுக்குப் பின்னால் மறைத்தாள். "வியாழக்கிழமை நகராட்சியிலேருந்து ஆள் வராங்க" என்று அவர் சொன்னதிலிருந்து அவளுக்குத் தூக்கமே இல்லை.

ஓடிவந்து பார்த்தால், தெட்சுஜி செருப்பு அலமாரியைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து நிற்கிறார். எதிரே ஒரு இளம்பெண் குனிந்து வணங்கிக்கொண்டிருந்தாள்.

"போன்ல பேசினது நான்தான். உள்ள வாம்மா."

"என் பேரு ஒகினோங்க ஐயா. பரவாயில்லையே, ஊன்றுகோல் இல்லாமலே நிக்கிறீங்க!"

"ஐயோ, அது இல்லாம அவரால ஒரு அடி வைக்க முடியாதுங்க!" என்றாள் கிக்குயோ.

"அப்படியா? அது எங்கம்மா?"

"குளிக்கிற தொட்டியில."

ஒகினோ எழுதிக்கொண்டாள்.

குளிருக்காக அடியில் கணப்பு வைத்துப் போர்வை போர்த்தியிருந்த தாழ்மேசையைச் சுற்றி மூவரும் உட்கார்ந்து, அந்தப் போர்வைக்குள் கால்களை நீட்டிக்கொண்டார்கள். கிக்குயோ அடுத்த ஆயுதத்தை எடுத்தாள்.

"அவர் சட்டையைப் பாருங்க. பட்டன் எல்லாம் ஏறுமாறா இருக்கு. விரல் வேலையே செய்யல."

"நீதானே காலையில போட்டுவிட்டே" என்றார் தெட்சுஜி. இழுத்து இழுத்துப் பேசினாலும் ஒவ்வொரு சொல்லும் தெளிவாக விழுந்தது. பேசிக்கொண்டே வலது கையாலேயே பட்டன்களைக் கழற்றினார். விரல்கள் நடுங்கின. ஆனாலும் விடாமல் எல்லாவற்றையும் சரியாக மாட்டி முடித்தார்.

"அருமை!" என்றாள் ஒகினோ.

கிக்குயோ விடவில்லை. அவசரமாக முள்ளங்கி ஊறுகாயைக் கொண்டுவந்து, ஒரு துண்டை அவர் வாயருகே நீட்டினாள். "எல்லாம் நான்தாங்க ஊட்டணும்."

தெட்சுஜி முகத்தைத் திருப்பிக்கொண்டார். குச்சிகளை எடுத்து, ஒரு துண்டைக் கீழே விடாமல் தூக்கி, விருந்தாளியின் தட்டில் வைத்தார்.

"மன்னிக்கணும் ஐயா. போற வீட்டுல நாங்க எதுவும் சாப்பிடக் கூடாது."

"ஒரு துண்டு முள்ளங்கிக்காக வேலை போயிடாதும்மா. எழுதாம விட்டுடு."

இவரை இனி எப்படித்தான் அடக்குவது? கிக்குயோ போர்வைக்குள் கையை விட்டு அவர் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள். வலது தொடைதான். அதில்தான் உணர்ச்சியே கிடையாதே.

"ஆ!" என்று அலறினார் தெட்சுஜி.

கிக்குயோ கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். செத்துக் கிடந்த கால் அது. அதில் வலிக்கிறது! அவளுக்கு அழுகை முட்டியது. இன்றைக்கா வந்து தொலைய வேண்டும் இந்த நல்ல செய்தி?

"ஏம்மா கிள்ளினீங்க?" என்று ஒகினோ மெதுவாகக் கேட்டாள்.

"அதுல... அதுல உணர்ச்சியே இல்லைன்னு சொல்லத்தான்."

தெட்சுஜியும் ஒகினோவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

இனி மறைத்துப் பயனில்லை. கிக்குயோ அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துச் சமையலறைக்கு இழுத்துப்போய்க் கதவைச் சாத்தினாள்.

"உண்மையைச் சொல்லிடறேங்க. ஊன்றுகோலை ஒளிச்சது நான்தான். செருப்பும் அரிசிக்குப் பின்னாடி இருக்கு. பட்டனையும் வேணும்னேதான் மாத்திப் போட்டேன். ஆள் வந்தாத்தான் அவருக்கு இந்த வீரம் எல்லாம். நீங்க அந்தப் பக்கம் போனதும் சுருண்டு விழுந்துடுவார். நம்புங்க, அவருக்குப் பயிற்சி வேணும்!"

"நம்பறேம்மா" என்றாள் ஒகினோ. கிக்குயோவின் கைமேல் தன் கையை வைத்துக்கொண்டாள்.

அப்பாடா! இந்தப் பெண்ணுக்காவது புரிந்ததே.

"அப்போ அவருக்கு எந்த நிலை போடுவீங்க?"

"ஐயாவுக்கு ஆய்வு அடுத்த மாசம்தாம்மா" என்று ஒகினோ புதுத் தாளைப் புரட்டினாள். "ஒரு மாசமா நீங்க ஒரு மாதிரியா இருக்கீங்க, மறதி நோயோன்னு ஐயா பயந்துபோய் போன் பண்ணினார், இன்னிக்கு நான் வந்தது உங்களைப் பார்க்கத்தான்... எங்கே, யோசிச்சு சொல்லுங்க பார்ப்போம், இப்ப கோடையா, குளிர்காலமா?"