நல்ல தண்ணீர் என்று கையெழுத்துப் போட்ட மைத்துனருக்கு

அச்சன்புதூர்,
வியாழக்கிழமை.

தண்ணீர்ப் பரிசோதனைக்கூட அதிகாரியும் என் மனைவியின் தம்பியுமான மசூது அவர்களுக்கு, மச்சான் சேக் தாவூது எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். உம் வீட்டில் எல்லாரும் சுகமாயிருக்க துஆ செய்கிறேன். இங்கே சுகம் என்று எழுதக் கை வரவில்லை.

உம் அக்கா ஹைருன் பீவிக்கு இரண்டு கிட்னியும் போயிற்று. எங்கள் புறவாசல் கிணற்றில் இறைத்துக் குடிக்கும் இந்தத் தெருவில் இன்னும் மூன்று பேருக்கு அதே கதி. டாக்டர் அந்தத் தண்ணீரைத் தொடக்கூடாது என்றுவிட்டார். எட்டு மாதம் மனுக் கொடுத்து லாரித் தண்ணீர் வாங்கினோம். 'குடிக்க உகந்தது' என்று உம் கையெழுத்தோடு வந்த ஒற்றைத் தாளைக் காட்டி அதை நிறுத்திவிட்டார்கள். லாரி இப்போது குற்றாலத்து லாட்ஜுகளுக்கு ஓடுகிறது. கேன் வாங்க வழியில்லாத சனம் மூன்று வாரமாக மறுபடி கிணற்றில்தான் இறைக்கிறது.

தப்பு, கிணற்றுத் தண்ணீரைப் பிடித்துப் போக உம் ஆபீசிலிருந்து வந்த உமாராணி என்ற பெண்ணுடையது. நான் கண்ணால் பார்த்தவன். வந்ததும் வாளியைக் கழுவினாள், சரி, கயிற்றையும் கழுவினாள், அதுவும் சரி, பிறகு கிணற்றுத் தண்ணீரையே பாட்டிலில் பிடித்து, குலுக்கி, மூன்று தடவை கீழே ஊற்றினாள். "ஏம்மா, அழுக்கப் பாக்க வந்துட்டு அழுக்கையெல்லாம் நீயே கழுவி ஊத்துதியே" என்றேன். "இதுதான் முறை, பாய்" என்கிறாள். தாலுகா ஆபீசில் முப்பது வருசம் பியூனாக இருந்தவனுக்கு முறை சொல்லித் தருதா. அப்புறம் உப்பு அளக்கிற மீட்டரின் நுனியைக் கழுவி, மெல்லிய தாளால் ஒத்தி, வாளித் தண்ணியில விட்டா. மூவாயிரத்து இருநூறு காட்டிச்சு. "இத எப்படிக் குடிக்கீங்க" என்று அவளே கேட்டு நோட்டில் எழுதினாள். நானும் அவளும் வண்டியில் இருந்த ஐஸ் பெட்டியை எடுத்து வருவதற்குள், நோயாளி, உம் அக்காவே பாட்டிலை நிறைத்து மூடி வைத்திருந்தாள். அதை வாங்கிக்கிட்டுப் போனவதான். நோட்டுல மூவாயிரத்து இருநூறு, உம்ம தாள்ல நூத்திப் பத்து. மிச்சம் எங்கவே போச்சு, வழியில பஸ்ஸ விட்டு இறங்கிட்டா? சொந்த அக்கா சாகக் கிடக்கிற வீட்டுக் கிணத்துக்கு நல்ல சர்டிபிகேட் குடுத்திருக்கீரே வே. எனக்கு ஆத்திரம் அடங்க மாட்டேங்கு. அந்தப் பெண்மேல் உடனே நடவடிக்கை எடுத்து, லாரியைத் திரும்ப விட வையும்.

வீட்டில் எல்லாருக்கும் ஸலாம். மகள் ரிஃபாத் பரீட்சையில் தேற துஆ செய்கிறோம். அல்லாஹ் உம் கண்பார்வையையும் கையெழுத்தையும் காப்பாற்றுவானாக.

இப்படிக்கு,
சேக் தாவூது

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் உம் அக்காவிடம் வாசித்துக் காட்டினேன். நடவடிக்கை என்ற இடம் வந்ததும் அழுதுவிட்டாள். "அந்தப் புள்ள மூணு தடவ புடிச்சுப் புடிச்சுக் கீழ ஊத்துச்சு. நம்ம தண்ணி புடிக்கல போலன்னு எனக்கு மானம் போச்சு. வீடு தேடி வந்தவ கையில அந்த உப்புத் தண்ணியவா குடுத்து விடுவாக? எனக்கு வாங்கி வச்ச கேன் தண்ணிய ஊத்திக் குடுத்தேன்" என்கிறாள். ஆகவே லாரியைத் தவிர மேலே எழுதியதெல்லாம் ரத்து. அந்தப் பெண்ணையே திரும்ப அனுப்பும். செவ்வாயோ வெள்ளியோ பார்த்து அனுப்பும். அன்றைக்கு உம் அக்காவுக்குத் தென்காசியில் டயாலிசிஸ். வீட்டில் உபசரிக்க ஆள் இருக்காது.