நடுவர் அரங்கின் ஒரே ஒரு பிளக்

இதைத் தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்று டீக்கார அக்காவுக்கு இன்றுவரை பயம். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். ஒரு வார்த்தை முன்னே பின்னே போனாலும் வேலை போய்விடும். ஆகவே நடந்ததை நடந்தபடியே சொல்லிவிடுவோம்.

உலகத் திரைப்பட விழாவின் போட்டிப் பிரிவில் பத்தொன்பது படங்கள். அவற்றைப் பார்க்க ஐந்து நடுவர்கள். நடுவர்களுக்குச் சூடாக டீ கொடுக்க அக்கா. முதல் நாளே விழா அதிகாரி விதியை வாசித்துக் காட்டினார்.

"தேநீர்ப் பணியாளர் போட்டிப் படங்கள் குறித்து அபிப்பிராயம் கொள்ளலாகாது. அதனால திரைக்கு முதுகைக் காட்டித்தான் நிக்கணும். புரியுதாம்மா?"

"நான் அபிப்பிராயமே வச்சுக்கறதில்லைங்க சார். வீட்டுலயே கிடையாது."

கடைசி நாள், சாப்பாட்டுக்குப் பிறகு, வெள்ளமும் யுத்தமுமாக ஒரு படம். டீ போடும் அறையில் கரண்ட் இல்லை. அரங்கின் பின்சுவரில் இருந்தது ஒரே ஒரு பிளக். அக்கா அதில் இருந்த வயரைப் பிடுங்கிவிட்டுக் கெட்டிலைச் செருகினாள். யுத்தச் சத்தம் சட்டென்று ஓய்ந்தது. படம் ஓட்டுகிறவர் கண்ணாடி அறைக்குள் போனில் பேசிக்கொண்டிருந்தார். படமே அப்படித்தான் போல என்று அக்கா நினைத்தாள். நினைத்ததும் பதறிப்போனாள். அது அபிப்பிராயம் அல்லவா?

பின்னோக்கியே நடந்து திரைக்கடியில் தன் இடத்துக்குப் போய் நின்றாள். அவள் கண்ணெதிரே ஐந்து தலைகளும் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன.

விளக்கு எரிந்ததும் நடுவர் குழுத் தலைவர் முகத்தைத் துடைத்தபடி அவளிடம் வந்தார்.

"கொஞ்சம் கண் அசந்துட்டேம்மா. கடைசியில என்ன ஆச்சு?"

"நான் திரும்பவே இல்லைங்க ஐயா."

"காதுல விழுந்ததையாவது சொல்லும்மா."

"ஒண்ணும் விழலைங்க. ஒரு மணி நேரமா ஒரு சத்தமும் இல்ல."

தலைவர் அதை எழுதிக்கொண்டார். மற்ற நால்வரும் அவர் தாளை எட்டிப் பார்த்து எழுதிக்கொண்டார்கள்.

"போரின் நடுவே ஒலியை முற்றாகத் துறந்த பேராண்மைக்காக" அதுவே சிறந்த படம் என்று மேடையில் வாசித்தார்கள். சிறந்த இசையும் அதற்கே. இயக்குநர் திருதிருவென்று விழித்தார். பிறகு மைக்கைப் பிடித்து, "அந்த மௌனத்துக்காக ஏழு வருஷம் உழைச்சோம்" என்றார். அந்தப் படத்துக்கு நாற்பது பேரை வாசிக்க வைத்த இசையமைப்பாளர் பக்கத்தில் நின்று அழுதார். ஆனந்தக் கண்ணீர் என்று பத்திரிகைகள் எழுதின.

வயரைப் பிடுங்கியது தெரிந்தால் வேலை போய்விடும் என்று அக்கா ஒரு வருஷம் முழுக்கப் பயந்தாள். அடுத்த விழாவுக்கு டீயை வீட்டிலேயே போட்டு, பெரிய பிளாஸ்க்கில் கொண்டுவந்தாள். பிளக் பக்கமே போகவில்லை. எல்லாப் படமும் முழுச் சத்தத்தோடு ஓடியது. நடுவர்களால் தூங்க முடியவில்லை. வேறு வழியில்லாமல் பார்த்துத் தொலைத்தார்கள். பார்த்துவிட்டதால் எந்தப் படத்துக்கும் விருது கொடுக்க மனம் வரவில்லை.

அதிகாரி அக்காவைக் கூப்பிட்டனுப்பினார்.

"விழாவோட தரம் தாழ்ந்துபோச்சு. போன வருஷத்துக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்னு கமிட்டி போட்டு விசாரிச்சோம். உங்க பிளாஸ்க் ஒண்ணுதான்."

"இனிமே கொண்டுவரலைங்க சார். வேலையை மட்டும் எடுத்துடாதீங்க."

"எழுத்துல கொடுங்க."

கொடுத்தாள். இந்த வருஷம் படம் ஆரம்பித்ததும் முதல் வேலையாக வயரைப் பிடுங்கிக் கெட்டிலைச் செருகினாள். தலைகள் சாய்ந்தன. விஷயம் எப்படியோ வெளியே கசிந்திருக்க வேண்டும். கடைசி வரிசையில் அழைப்பில்லாமல் வந்து உட்கார்ந்திருந்த, இந்த வருஷப் போட்டியின் பத்தொன்பது இயக்குநர்களும் இருட்டில் அவளைப் பார்த்துக் கும்பிட்டார்கள்.

எதற்கென்று அவளுக்கு லேசாகப் புரிந்தது. உடனே புரியாமல் வைத்துக்கொண்டாள்.