வலது பக்கம் இருந்த குரல்

"இந்தப் பக்கம் சுத்தமா செத்துப் பூட்ச்சு. வேற குடு."

வரதன் ஹெட்ஃபோனைக் கண்ணாடி மேஜைமேல் வைத்தார். அந்த வாரத்தில் அது மூன்றாவது. எம்.கே.பி. நகரில் போன் கடை வைத்திருக்கும் ஆசீர்வாதம் அதை எடுத்துத் தன் காதில் மாட்டிப் பார்த்தார்.

"ரெண்டு பக்கமும் கணீர்னு கேக்குதே அண்ணாச்சி."

"உனக்குக் கேக்கும். எனக்கு எல்லா சத்தமும் இடது காதுல வந்து குத்துது. தல வலி பேஜாரா கீது."

"கோவப்படாதீய. கோளாறு ஒருவேளை உங்க வலது காதுல..."

"யோவ்! சம்மட்டி மிஷின் பக்கத்துல முப்பது வருசம் நின்ன காதுய்யா இது!"

ஆசீர்வாதமும் அதைத்தான் சொல்ல வந்தார்.

திருவொற்றியூரில் இரும்பு அடிக்கும் கம்பெனி அது. சம்மட்டி மிஷினுக்கு இந்தப் பக்கம் வரதன், அந்தப் பக்கம் பீம்ராவ். வேலை முடிந்தால் இருவரும் சேர்ந்து கானா பாடுவார்கள். வரதன் கேள்வியாகப் பாட, பீம்ராவ் பதிலாகப் பாடுவார். வியாசர்பாடியில் இவர்கள் பாடாமல் எந்தப் பிணமும் கிளம்பியதில்லை.

இருபத்து நாலு வருஷத்துக்கு முன்பு இந்த ஜோடி ஒரு கேசட் போட்டது. பாடுவதற்கு முந்தின நாள், அட்டையில் யார் பேர் முதலில் வருவது என்று சின்ன வாய்த்தகராறு. ஆனாலும் பாடி முடித்தார்கள். அடுத்த வாரம் ஸ்டுடியோவில் ஆளுக்கொரு கேசட் கொடுத்தார்கள். வரதன் வாக்மேனில் போட்டுக் கேட்டால், தன் குரல் மட்டும் இருந்தது. பீம்ராவ் குரல் இல்லவே இல்லை.

'என் குரலோட அவன் குரல் சேரக் கூடாதாம். ஸ்டுடியோவுல சொல்லி அழிச்சிட்டான்' என்று முடிவு கட்டினார். பீம்ராவிடம் போய் ஒரு வார்த்தை கேட்டாரா? இல்லை. கேசட்டை வேறு யாருக்காவது போட்டுக் காட்டினாரா? அதுவும் இல்லை. மானப் பிரச்சினை அல்லவா! மறுநாளிலிருந்து பேச்சும் பாட்டும் நின்றன; கேசட்டும் கடைக்கு வரவில்லை. கம்பெனியில் மிஷின் போட்ட இரைச்சலில், பேச்சு நின்றது யாருக்கும் தெரியவுமில்லை.

போன மாதம் பீம்ராவ் இறந்துபோனார். வரதன் தெருமுனை வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்துவிட்டார்.

இந்த ஞாயிற்றுக்கிழமை படத்திறப்பு. பீம்ராவின் மகள் மகிழினி வீடு தேடி வந்து கேட்டாள்.

"மாமா, கேசட்டுல கீற கூட்ஸ் வண்டிப் பாட்ட நீதான் பாடணும்."

"அதுல உங்கப்பன் குரலே இல்ல. நான் எதுக்குப் பாடணும்?"

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்து, சொல்லாமலேயே போய்விட்டாள்.

பாட மாட்டேன் என்றவர்தான் மறுநாளே ஆசீர்வாதம் கடைக்குப் போய், "நீ கேக்கக் கூடாது, ஏத்தி மட்டும் குடு" என்று சத்தியம் வாங்கிக்கொண்டு கேசட் பாட்டைப் போனில் ஏற்றினார். ஒரு ஹெட்ஃபோனும் வாங்கினார். வரி ஞாபகம் இருக்கிறதா என்று பார்க்கத்தானாம்!

முதல் ஹெட்ஃபோன் இடது காதைக் குத்தியது. இரண்டாவதைச் சத்தம் கூட்டிக் கேட்டார். தண்ணி லாரி வந்து ஹாரன் அடித்துவிட்டுப் போனது தெரியவில்லை. காதையே மூடும் பெரிய ஹெட்ஃபோன் மூன்றாவது. அன்று சிலிண்டர் வாசல்வரை வந்து திரும்பிப் போனது.

"ராத்திரி அந்தப் பக்கம் திரும்பிப் படுத்தின்னா இடி வுழுந்தாக்கூட உனக்குத் தெரியாது. காதக் காட்டுய்யான்னா கேக்கிறியா?" என்றாள் மனைவி கெங்கம்மா.

"கம்முனு கெட. ஹெட்ஃபோனு கலீஜு."

ஆசீர்வாதம் இந்தத் தடவை ஹெட்ஃபோனை மாற்றவில்லை. தீப்பெட்டி அளவு கறுப்புப் பெட்டி ஒன்றை எடுத்து, போனுக்கும் ஹெட்ஃபோனுக்கும் நடுவில் செருகினார்.

"கிராஸ்ஃபீட்னு சொல்லுவாவ. பழைய ரெக்கார்டிங்ல ஒருத்தர் குரல முழுசா ஒரு பக்கமும், இன்னொருத்தர் குரல மறுபக்கமும் போட்டிருப்பான். அப்படியே கேட்டா காது அசந்துபோகும். இந்தப் பொட்டி அந்தப் பக்கத்துல கொஞ்சத்த இந்தப் பக்கமும், இந்தப் பக்கத்துல கொஞ்சத்த அந்தப் பக்கமும் கலந்து விடும். ஸ்பீக்கர்ல கேக்குத மாதிரி சொகமா இருக்கும்."

கடையிலேயே ஒரு சினிமாப் பாட்டைக் கேட்டார். குத்தல் இல்லை, வலி இல்லை.

"சோக்கா கீது!" என்று சந்தோஷமாக வீட்டுக்கு வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டு முடித்து, கூட்ஸ் வண்டிப் பாட்டைப் போட்டார். தன் குரல் வந்தது.

*பேசின் பிரிட்ஜு தாண்டிப்புட்டா பக்கத்துல யாருடா?*

இருபத்து நாலு வருஷமாக அந்தக் கேள்வி பதில் இல்லாமலேதான் கிடந்தது. இப்போது, அடுத்த வீட்டிலிருந்து வருவது போல் மெலிசாக ஒரு குரல்.

*நான் கீறேன் மாமு, நான் கீறேன்!*

வரதன் ஹெட்ஃபோனைப் பிடுங்கிவிட்டுப் பின்னால் திரும்பிப் பார்த்தார். மறுபடியும் போட்டார். மறுபடியும் பீம்ராவ்.

"இன்னாய்யா, மூஞ்சி ஒரு மாதிரி கீது?"

"பீம்ராவ் பாடறான்மே!"

கெங்கம்மா வாங்கிக் கேட்டாள். "ஆமா, ரெண்டு பேரும் பாடறீங்க. நீ இந்தப் பக்கம், அண்ணன் அந்தப் பக்கம்."

"பொட்டியக் கயட்டிட்டுக் கேளு."

கேட்டாள். "இப்பவும்தான் பாடறாரு. நல்லா கணீர்னு." அப்புறம்தான் அவளுக்கு விளங்கியது. "அடப்பாவி மனுசா! அன்னிக்கே ஒரு தபா எங்கிட்ட குடுத்திருந்தா நான் சொல்லியிருப்பேனே!"

வேறு யார் காதும்கூட வேண்டாம். ஒரே ஒரு தடவை ஹெட்ஃபோனைத் திருப்பி மாட்டியிருந்தாலே போதும். ஆனால் L என்று போட்டிருந்தால் இடது காதில்தான் மாட்டுவார். எழுதிப் போட்டதை மீறாத ஆள். கம்பெனியில் அவர் மீறிய ஒரே போர்டு, 'காதில் அடைப்பான் வைக்கவும்' என்பதுதான்.

சட்டையை மாட்டிக்கொண்டு வியாசர்பாடிக்கு ஓடினார். வீட்டு முன்னால் பந்தல் போட்டு நாற்காலி போட்டிருந்தார்கள். பீம்ராவ் படத்தை நீலத்துணி மூடியிருந்தது. வரதன் அதன் எதிரில் நின்று குலுங்கிக் குலுங்கி அழுதார். மகிழினி ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"என் வலது காது செவுடு கண்ணு. உங்கப்பன் குரலு அந்தப் பக்கம் கெடந்துது, எனக்குத் தெரியாம பூட்ச்சு. அழிச்சிட்டான்னு நெனச்சிக்கினு இத்தினி வருசம் அவனாண்ட பேசாம இருந்துட்டேன். ஒரு தபா கேட்டிருக்கலாம். கேக்கலியே! இன்னிக்கு நான் பாடறேன். கேள்விய நான் பாடறேன், பதிலுக்கு இந்தப் போன மைக்காண்ட வெச்சிடு."

மகிழினி போனை வாங்கவில்லை. நீலத்துணியையே பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்.

"அப்பாவுக்கு இடது காது செவுடு மாமா. 'நான் கீறேன் நான் கீறேன்னு நான் மட்டும் கத்திக்கினு கீறேன், கூப்ட்டவன் குரல அழிச்சிட்டாம்மா வரதன்'னு அவரும் வாக்மேன மாட்டிக்கினு, சாவுற வரைக்கும் சொல்லிக்கினேதான் இருந்தாரு."