தேக்கிலை பிரிக்காத முயல் வீரன்

ஒரு காட்டில் பிலோமினா என்ற முள்ளம்பன்றி, யார் தயவும் இல்லாமல், தன் முள்ளையே பிடுங்கி நாவல்பழச் சாற்றில் தொட்டு 'முயல் வீரன்' காமிக்ஸ் வரைந்து விற்றுவந்தாள். முதல் இதழுக்கு ஆலமரத்தடியில் அடிதடி. குரங்குகூட வரிசையில் நின்றது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் காட்டுக்குக் கொஞ்சம் நாகரிகம் வந்தது. பழைய இதழ் ஒன்றைக் கொடுத்தால் முழுத் தேன்கூடே கிடைக்கிறதாம் என்று அணில் தனபால் கிளப்பிவிட்டார். ஆனால் பிரித்த இதழுக்கு மதிப்பில்லையாம். அன்றிலிருந்து எல்லாரும் ஆளுக்கு இரண்டு வாங்கி, பிரிக்காமலே தேக்கிலையில் சுற்றிப் பொந்துக்குள் வைத்தார்கள். ஆசையாய்ப் புரட்டிய குட்டிகளுக்கு முதுகில் விழுந்தது. விற்பனை எகிறியது. பிலோமினாவுக்குத் தலைகால் புரியவில்லை.

அந்தக் கோடையில் கிழக்கு ஓடைப் பக்கம் புலி ஒன்று குடிவந்தது. வளையில் சின்னக் குட்டிகள் இரண்டை வைத்திருந்த பிலோமினா அன்றே கிளம்பினாள். வீடு வீடாகப் போய்ச் சொன்னாள்.

"வாயால சொன்னா யாரு நம்புவா, பிலோ? புக்குல போடும்மா," என்றார் தனபால்.

போட்டாள். இதழ் முழுக்க முயல் வீரனுக்கு ஒரே பாட்டு: கிழக்கே புலி, எல்லாரும் மேற்கு ஓடைக்கு வாருங்கள். காலையில் வைத்த கட்டு மதியத்துக்குள் தீர்ந்தது. காடு பிழைத்தது என்று ஸ்தோத்திரம் சொன்னாள்.

சாயங்காலம் குட்டிகளோடு மேற்கு ஓடைக்குப் போனால், ஈ காக்கை இல்லை. புலி மட்டும் இதழை மடியில் விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

"நீங்கதான் ஆசிரியரா, மேடம்? ஒரு வரி விடாம படிச்சேன்," என்றது. "காடே இங்க வரும்னு போட்டிருந்தீங்க. மூணு பேருதான் வந்திருக்கீங்க."

பிலோமினா குட்டிகளை முன்னால் தள்ளிக்கொண்டு, முதுகைப் புலிக்குக் காட்டியபடியே வீடுவரை நடந்தாள். இத்தனை இதழுக்குப் பிடுங்கியதுபோக முதுகில் மிச்சம் கொஞ்சம் முள்தான். அது புலிக்குத் தெரிந்துவிடக் கூடாதே என்று விடாமல் கலகலவென ஆட்டிக்கொண்டே போனாள்.

அந்நேரம் மொத்தக் காடும், வழக்கம்போல, கிழக்கு ஓடையில் நிம்மதியாகத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது.

மறுநாளே கடையை மூடிவிட்டாள்.

"இனிமே புக்கே வராதா? ரொம்ப நல்லது," என்றார் தனபால். "இருக்கிறதுக்கு விலை ஏறும்."

நீதி: புத்தகம் எத்தனை வேண்டுமானாலும் வாங்குங்கள், பிரித்துப் படித்துத் தொலைக்காதீர்கள். படித்தவர்கள் போய்ச் சேரும் இடத்தில் புலி இருக்கும்.