வெதுவெதுப்புக் காபியும் மிக்சி அக்காவும்

சங்கரன்கோவிலில் மிக்சி அக்காவிடம் திட்டு வாங்காத வீடு ஏதாவது இருந்தால், அந்த வீட்டுக்கு இன்னும் கரண்டே வரவில்லை என்று அர்த்தம். மிக்சி, கிரைண்டர், அயர்ன் பாக்ஸ் எல்லாம் ரிப்பேர் பார்க்கிறவர். என்னைவிடப் பத்து வயது சின்னவர். இருந்தாலும் எனக்கும் அக்காதான். வேறு எப்படியும் கூப்பிடத் தைரியம் கிடையாது.

ஒருமுறை ஒரு வாத்தியார் கிரைண்டரைத் தூக்கி வந்து, "தானா நின்னுட்டு" என்றார்.

"தானா நிக்க அது என்ன பஸ்ஸா? மோட்டார்ல தண்ணிய ஊத்திக் கழுவுனது யாரு? அதச் சொல்லிட்டு உள்ள வாங்க!"

வாத்தியார் வாசலில் நின்றபடியே மனைவிக்குப் போன் போட்டு விசாரித்து, கடைசியில் கழுவியது தான்தான் என்று ஒப்புக்கொண்ட பிறகே அக்கா ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார்.

இனி என் கதை. மனைவி இறந்தபின், காபி போடத் தெரியாத எனக்குப் பெங்களூரிலிருந்து மகள் ஒரு காபி மெஷின் வாங்கி அனுப்பினாள். ஆறே மாதத்தில் அது சூடாக்குவதை நிறுத்திக்கொண்டது. எவ்வளவு நேரம் வைத்தாலும் குழந்தையைக் குளிப்பாட்டுகிற சூடுதான். கம்பெனிக்குப் போன் போட்டால் ஒன்றை அமுக்கு, இரண்டை அமுக்கு என்றது. பேசுகிற ஆளின் கழுத்தையே அமுக்கலாம் போலிருந்தது.

இதில் மகள் வேறு. "ஒரு மெஷினக்கூடப் பாத்துக்க முடியல. ஞாயித்துக்கிழம வாரேன். வீட்டப் பூட்டிட்டு எங்கூடக் கெளம்புங்கப்பா."

முப்பது வருஷம் இருந்த வீடு. கத்திவிட்டுப் போனை வைத்தேன்.

சனிக்கிழமை நான் கூப்பிட்டு அக்கா வீட்டுக்கே வந்தார். பிளக் பாயிண்டில் மீட்டரைச் செருகிப் பார்த்தார். "கரண்டு சரியாத்தான் இருக்கு. ஆளுதான் சரியில்ல." மெஷினின் தண்ணீர் டேங்கில் விரலை விட்டு நாக்கில் வைத்தார். "என்ன தண்ணி ஊத்துதிய அண்ணாச்சி?"

"போர் தண்ணிதான்."

கழற்றினால், சூடேற்றுகிற கம்பி முழுக்க வெள்ளை வெள்ளையாக உப்பு.

"இது காபி மெஷினா, சுண்ணாம்புக் காளவாசலா? இந்தத் தண்ணிய ஊத்துனா சூடு எங்கன ஏறும்? படிச்ச மனுசன்தான நீங்க?"

எனக்கும் ஏறிவிட்டது. "இருந்த மாதிரியே மாட்டிட்டுப் போம்மா!"

"மாட்டுறதா வேண்டாமானு நான் சொல்லுதேன். போய் எலுமிச்சம்பழம் வாங்கிட்டு வாங்க!"

போனேன். சாற்றை நல்ல தண்ணீரில் கலந்து மெஷினில் ஓட்டினார். முதலில் உப்பு பொருக்குப் பொருக்காக வந்தது. மூன்றாவது தடவை ஆவி பறந்தது. கடைசியில் வெறும் தண்ணீர் ஓட்டி, ஒரு காபி போட்டுக் குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டு, அதற்கும் என்னையே திட்டினார்.

மறுநாள் மகள் வந்தாள். கொதிக்கக் கொதிக்கக் காபி கொடுத்தேன். குடித்துவிட்டு, "காபி சரிப்பா. ஒடம்புக்கு ஒண்ணுன்னா இங்க யாரு இருக்கா?" என்றாள்.

மறுபடியும் போர் தண்ணீர் ஊற்றியிருக்கிறேனா என்று பார்க்க வந்த அக்கா அடுப்படியில் இருந்தார். அங்கிருந்தே பாய்ந்து வந்தார்.

"ஏட்டி, என்ன பேச்சு பேசுத? நாங்கள்லாம் செத்தா போயிட்டோம்?"

மகள் என்னைப் பார்த்தாள். அக்காவைப் பார்த்தாள். பிறகு மெதுவாகப் போனை எடுத்து, "உங்க நம்பரச் சொல்லுங்க அத்தை" என்றாள்.

"இத மொதல்லயே கேட்டிருக்கணும்!" அதற்கும் திட்டு.

அன்று மகள் தனியாகத்தான் பஸ் ஏறினாள்.

நேற்று காலை அக்கா வந்து டேங்கைத் திறந்து பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது போல. ஒரு வார்த்தை திட்டாமல் போய்விட்டார். எனக்கு நாள் முழுக்க மனசே சரியில்லை.