நூற்றுப் பதின்மூன்றாம் பக்கம்

"இந்த எட்டு வரியையும் நீங்க எழுதலை," என்றார் நெறியாளர். குரலில் கோபம் இல்லை. அதுதான் ஆய்வாளனை அதிகம் வாட்டியது.

மேசைமேல் அவனுடைய ஆய்வேட்டின் இரண்டாம் இயலும், மூலநூலின் நூற்றுப் பதின்மூன்றாம் பக்க நகலும் அருகருகே கிடந்தன. எடுத்தாண்ட பக்கத்தின் நகலை இணைத்துத் தரவேண்டும் என்பது துறையின் விதி. திருடப் போன வீட்டின் முகவரியைத் தானே எழுதிக் கொடுத்தவன்போல அவன் நின்றான்.

"கருத்தை உள்வாங்கி உங்க சொந்த வார்த்தையில எழுதுங்க. இன்னும் ரெண்டு தடவை பார்ப்பேன். அதுக்கு மேல பதிவை நீட்டிக்க என்னால கையெழுத்துப் போட முடியாது."

கதவு திறந்தே இருந்தது. மதியத்திற்குள் சக ஆய்வாளர்கள் அவனுக்கு 'நகலார்' என்று பட்டம் சூட்டிவிட்டார்கள். முனைவர் பட்டத்துக்குத்தான் நான்கு ஆண்டுகளாகக் காத்திருந்தான்.

அன்றே அகராதியை விரித்து உட்கார்ந்தான். 'பிரதியின் இடைவெளிகளை வாசகர் தம் அனுபவத்தால் நிரப்புகிறார்' என்ற மூலவரி, அவன் கைபட்டு, 'பனுவலின் சந்துகளைப் படிப்போன் தன் பட்டறிவால் அடைக்கிறான்' என்றாயிற்று.

நெறியாளர் அதை இருமுறை படித்தார்.

"ஆசிரியரோட வாக்கியம் அப்படியே இருக்கு. சிமெண்ட் மட்டும்தான் நீங்க பூசியிருக்கீங்க. சரி, இதுக்கு என்ன அர்த்தம்னு சொல்லுங்க."

அவன் அதே வரியை மறுபடியும் வாசித்துக் காட்டினான்.

எஞ்சியது ஒரே வாய்ப்பு. அவன் தங்கியிருந்தது அக்காவின் வீட்டில். முன்னறையில் பாதி அவளுடைய தையல் எந்திரம், மீதி அவனுடைய புத்தகங்கள். சோறும் அவள் போட்டதுதான். அவன் நுழைந்தபோது, மின்விசிறிக் காற்றில் அளவுக் காகிதம் பறக்காமலிருக்க, அதே மூலநூலை அதன்மேல் விரித்து வைத்துத் துணி வெட்டிக்கொண்டிருந்தாள்.

"உன் புத்தகத்துக்கு நல்ல கனம்டா," என்றவள் அவன் முகத்தைப் பார்த்தாள். "என்ன, இன்னைக்கும் வாங்கிக் கட்டிக்கிட்டியா?"

நடந்ததைச் சொன்னான். கதையை வாசிப்பவர்தான் முழுமையாக்குகிறார் என்று அந்த நூல் சொல்வதையும், அதை எப்படி எழுதினாலும் அந்த ஆசிரியரின் குரலே வருவதையும் சொன்னான்.

அக்கா தையல் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "இதுக்கா இவ்வளவு பாடு? ஆணியில தொங்குற சட்டைக்கு ஏதுடா உருவம்? ஒரு உடம்பு உள்ள போனாத்தான் அது சட்டை. அதுவரைக்கும் வெறும் துணி."

அவன் பேனாவைத் தேடி ஓடினான்.

மறுவாரக் கருத்தரங்கில் நெறியாளர் அந்த வரியை அனைவர் முன்னிலையிலும் வாசித்தார்: 'ஆணியில் தொங்கும் சட்டைக்கு உருவமில்லை, உடல் நுழையும்வரை அது துணியே.' பிறகு பக்க நகலை உயர்த்திக் காட்டினார். "இதுல சட்டையும் இல்ல, ஆணியும் இல்ல. உள்வாங்கி எழுதறதுன்னா இதுதாங்க." புதிய மாணவர்களுக்கு அதையே மாதிரியாக அச்சிட்டுத் தரப்போவதாகவும் அறிவித்தார். பட்டம் சூட்டியவர்களே உரக்கக் கைதட்டினார்கள்.

ஒவ்வொரு தட்டலும் அவன் கன்னத்தில் விழுந்தது. முன்பு முகம் தெரியாத ஆசிரியரிடம் திருடினான். இப்போது சோறு போடும் அக்காவிடமே கைவைத்துவிட்டான். எழுந்து நின்றான்.

"ஐயா, அது என் வார்த்தை இல்ல. எங்க அக்காவோடது. அவங்க துணி தைக்கிறாங்க."

நெறியாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இந்த நேர்மை ஓர் இயலுக்குச் சமம் என்றார். அக்காவின் பெயரை அடிக்குறிப்பில் சேர்க்கச் சொன்னார். அடுத்த கருத்தரங்கில் அக்காவே வந்து பேசவேண்டும் என்றார். நீட்டிப்புப் படிவத்தில் அங்கேயே கையெழுத்திட்டார்.

நீண்ட நாள்களுக்குப் பிறகு நிமிர்ந்த தலையோடு வீடு திரும்பி, எல்லாவற்றையும் அக்காவிடம் ஒப்பித்தான். ஓடிக்கொண்டிருந்த எந்திரம் நின்றது.

"என்னை எதுக்குடா கூப்பிடுறாங்க? அது உன் புத்தகத்துலயே நூத்திப் பதினாலாம் பக்கத்துல அச்சு அசலா இருக்கு. நீ அந்தத் தாளைத் திருப்பவே இல்லையா?"