ஒன்றாக வைக்கக்கூடாத ரப்பர் மீன்கள்

கோபம் வந்தால் சிலர் கத்துவார்கள். சிலர் சாப்பிடாமல் படுப்பார்கள். நான் கழுவுவேன். இந்த நாட்டுக்கு வந்த முதல் வருடம் அகதி முகாமின் பொதுக் குசினியை ஒரே நாளில் மூன்று தரம் கழுவியிருக்கிறேன். அன்றைக்கு எனக்கு எவ்வளவு கோபம் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு இருபத்தாறு வருடம் ஆஸ்பத்திரிக் குசினியில் சட்டி கழுவினேன். என் கோபத்துக்குச் சம்பளம் தந்த ஒரே இடம் அதுதான்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன். ஆனால் நான் கழுவியதில் இதுவரை ஒருவரும் குறை பிடித்ததில்லை. ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தவிர. அதை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எங்கள் மகள் யாழினி, டானியல் என்ற ஜேர்மன் பெடியனைக் கட்டப்போகிறேன் என்று வந்து நின்றாள். நான் முதலில் கேட்டது, "எந்த ஆக்கள்?" (ஒரு வெள்ளைக்காரனைப் பற்றி இப்படிச் சாதி கேட்ட முதல் மனுசி நானாகத்தான் இருப்பேன்.)

"அம்மா, தகப்பன் சுரங்கத்தில வேலை செய்தவர். வேறென்ன வேணும்?"

"கூடாது."

"ஏன் கூடாது?"

"கூடாதெண்டால் கூடாது!"

நாலு மாதம் வீட்டில் பேச்சில்லை. கழுவுவதற்கு வீட்டில் ஒன்றும் மிஞ்சாத நிலைமை வந்த பிறகு ஓம் என்றேன். ஓம் என்று சொல்லிவிட்டேனே, இனி அந்த வீட்டார் முன்னால் நாங்கள் எதிலும் குறைந்துபோகக் கூடாது. கலியாணத் தேதி பேசி முடியும்வரை என் தலைக்குள் அந்த ஒன்றுதான் ஓடிக்கொண்டிருந்தது.

டானியலின் தகப்பன் பெயர் ஹோர்ஸ்ட். மனைவியை இழந்தவர். ஓய்வு பெற்ற நாளிலிருந்து அவருக்குத் தூண்டில்தான் குடும்பம். வேலை முடிந்து வீட்டில் சும்மா இருந்த என் மனுசனும் அவரோடு கால்வாய்க்கரைக்குப் போகத் தொடங்கினார். தூண்டில் போட இவருக்கு அனுமதிப் பத்திரம் இல்லை. அதற்கு இந்த நாட்டில் பரீட்சை எழுத வேண்டும். அதனால் பக்கத்தில் கதிரை போட்டிருந்து, தேத்தண்ணி ஊற்றிக் கொடுப்பார். (வீட்டில் எனக்கு ஒரு நாள் ஊற்றித் தந்ததில்லை.) அதோடு நில்லாமல், என்னை 'அக்கா' என்று கூப்பிடவும் அந்த மனுசனுக்குப் பழக்கிவிட்டார். அவர் என்னைவிட மூன்று வயது மூத்தவர்!

ஹோர்ஸ்டின் தூண்டில் சங்கத்தில் புரட்டாதி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் சேர்ந்து பார்ஷ் மீன் பிடிப்பார்கள். பார்ஷ் என்றால் உடம்பில் கறுப்பு வரியும் முதுகில் முள்ளும் உள்ள மீன். பெரிய மீன் பிடித்தவரை அந்த வருட ராசாவாக்கிக் கழுத்தில் சங்கிலி போடுவார்கள். ஹோர்ஸ்ட் மூன்று வருடமாக ஒரு தாடிக்காரரிடம் தோற்றுக்கொண்டிருந்தார். இந்த முறை சங்கிலி தனக்குத்தான், அன்றைக்கு அங்கேயே இறைச்சி சுட்டுச் சாப்பிட்டுக் கலியாணத் தேதியையும் முடிவாக்கலாம் என்றார்.

அதற்கு முந்திய புதன்கிழமை தன் பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். வந்தவர் என் சாப்பாட்டு மேசையில், சாமிப் படங்களுக்கு நேர் எதிரே, எல்லாவற்றையும் பரப்பினார். ஈயக்குண்டைத் தலையாக வைத்த கொளுக்கிகள், அதில் குத்துகிற விரல் நீள ரப்பர் மீன்கள், ஊசி போன்ற மெல்லிய தூண்டில் தடி, தலைமயிர் போன்ற தங்கூசி நூல். ரப்பர் மீன்களில் உள்ளிப்பூண்டு மணமும் மீனெண்ணெய் மணமும் வீசின. விலை கூடின மீன் என்றால் அப்படித்தான் நாறுமாம்.

என் ஜேர்மன் பாஷை சட்டி கழுவத்தான் போதும், அதனால் யாழினி மொழிபெயர்த்தாள். "ஆழமில்லாத இடத்துக்கு மூண்டு கிராம் ஈயத்தலையாம் அம்மா. மெதுவா விழும். விழேக்கைதான் பார்ஷ் கடிக்குமாம். காத்தடிச்சால் அஞ்சு, ஏழு. தண்ணி தெளிவெண்டால் வெள்ளை மீன், கலங்கல் எண்டால் கடும் நிறம்."

கடைசியில் ஹோர்ஸ்ட் இரண்டு பைகளைத் தூக்கிக் காட்டி, விரலை ஆட்டி ஏதோ சொன்னார்.

"இந்த ரப்பரையும் அந்த ரப்பரையும் ஒருநாளும் ஒண்டா வைக்கக் கூடாதாம்."

"ஏனாம்?"

"கூடாதாம், அவ்வளவுதான்," என்றாள் அவள், கைத்தொலைபேசியைப் பார்த்துக்கொண்டு.

எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது எங்கள் வீட்டில் கூலிக்கு வருகிறவர்களுக்குத் தேத்தண்ணி குடிக்க வேறு பேணி வைத்திருந்தார்கள். அதையெல்லாம் விட்டுத்தொலைத்து இவருடைய மகனுக்கு நான் பெண் கொடுக்கிறேன், இவர் என்னடா என்றால் ரப்பர் மீனுக்குள் தீட்டுப் பார்க்கிறார்!

கால்வாய் எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரம். அதனால் பெட்டியை இங்கேயே வைத்துவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை வந்தது. எங்கள் வீட்டில் மீனோ இறைச்சியோ சேராத, மச்சம் இல்லாத நாள். முழுகிவிட்டு விளக்கேற்றப் போனால், சாமிக்கு முன்னால் மீன் நாற்றம்.

"இஞ்சேருங்கோ, அந்தப் பெட்டியைக் கொண்டுபோய்க் கீழ நிலவறையில வையுங்கோ," என்றேன் என் மனுசனிடம்.

"கீழ ஈரமப்பா. ஞாயிறுவரை பொறுத்துக்கொள்ளுமன்."

பொறுத்துக்கொள்ளவாம்! பிறகென்ன, நான் கழுவினேன். பைகளைக் கிழித்தேன். மீனை எப்படிக் கழுவுவோமோ அப்படியே கழுவினேன். உப்புப் போட்டு, தேசிக்காய் பிழிந்து, மஞ்சள் பூசி, மூன்று தண்ணியில் அலசினேன். வெள்ளை மீனெல்லாம் மஞ்சளாகிவிட்டது. எனக்கு அது வடிவாகத்தான் பட்டது. யன்னல் வெயிலில் காயவைத்து, இரண்டு லீற்றர் ஐஸ்கிறீம் பெட்டியில் இந்த ரப்பர் அந்த ரப்பர் என்று பாராமல், தலை ஒரு பக்கம் வால் ஒரு பக்கமாக அடுக்கினேன். ஈயத்தலைகளை என் மனுசன் மாத்திரை போட்டு வைக்கிற, நாளுக்கு ஓர் அறையுள்ள பழைய குளிசைப் பெட்டிக்குள் பிரித்துப் போட்டேன். திங்களுக்கு மூன்று கிராம், செவ்வாய்க்கு ஐந்து, புதனுக்கு ஏழு. நாற்றம் போய்விட்டது. என் கோபமும் போய்விட்டது. மூடிய பெட்டியை வெயில் விழுகிற அந்த யன்னலிலேயே ஞாயிறுவரை விட்டுவைத்தேன்.

ஞாயிறு காலை கால்வாய்க்கரையில் முப்பது பேர். நான் பட்டுச் சேலை. ஹோர்ஸ்ட் ஐஸ்கிறீம் பெட்டியைத் திறந்தார்.

உள்ளே மீன் ஒன்றும் இல்லை. எங்கள் ஊர் அல்வாவான தொதல்தான் இருந்தது. எண்ணெய் வடிய, மஞ்சளும் பச்சையும் கறுப்புமாக, கையில் ஒட்டுகிற ஒரே கட்டி. அங்கங்கே ஒரு கண், ஒரு வால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"என்னப்பா செய்தனீர்?" என்றார் என் மனுசன்.

"அம்மா..." என்றாள் யாழினி.

தாடிக்காரர் தன் பெட்டியைத் திறந்து நீட்டினார். ஹோர்ஸ்ட் வேண்டாம் என்றார். (அந்த மனுசனுக்கும் என்னளவு திமிர் இருப்பதை அன்றைக்குத்தான் கண்டேன்.) கத்தியால் தொதலில் ஒரு துண்டு வெட்டினார். குளிசைப் பெட்டியின் திங்கட்கிழமையைத் திறந்து, மூன்று கிராம் தலையில் அதைக் குத்தி எறிந்தார். நாலு மணித்தியாலம் எறிந்துகொண்டிருந்தார். ஒரு மீன் அகப்பட்டது. என் சுண்டுவிரலைவிடக் கொஞ்சம் பெரிது. அதையும் திரும்பத் தண்ணியில் விட்டார். சங்கிலி நாலாம் முறையும் தாடிக்குக் கீழேதான் தொங்கியது.

எனக்கு மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. பட்டுச் சேலையோடு கழுவவும் அங்கே ஒன்றும் இல்லை. அதனால் வாழ்க்கையில் முதல் தரம் வெளியிடத்தில் நின்று கத்தினேன்.

"ஒண்டா வைக்கக் கூடாதெண்டால் ஏன் கூடாதெண்டு சொல்ல வேணும்! காரணம் சொல்லாமல் கூடாது கூடாதெண்டால் ஆர் கேக்கிறது? சேர்ந்தால் உருகுமெண்டு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் ஏன் சேர்க்கிறன்? சொல்லு, அப்பிடியே சொல்லு அவருக்கு!"

யாழினி சொன்னாள். சொல்லி முடித்துவிட்டு என் பக்கம் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். நாலு மாதம் பேசாமல் இருந்த பிள்ளையின் பார்வை. நான் கால்வாய்த் தண்ணியைப் பார்த்தேன்.

ஹோர்ஸ்ட் கத்தியைத் துடைத்து மடக்கினார். பிறகு ஏதோ சொன்னார்.

"நீங்கள் சொல்லுறது சரியாம். காரணம் சொல்லாதது தன்ர பிழையாம். வைகாசியில கலியாணத்தை வைப்பமாம். சமையல் முழுக்க உங்கட பொறுப்பாம். தன்ர பெட்டியை மட்டும் தொட வேண்டாமாம்."

"அக்கா," என்றார் ஹோர்ஸ்ட், எனக்கு ஒரு சுட்ட இறைச்சிச் சொசேஜை நீட்டி. கோபத்தோடேயே வாங்கித் தின்றேன்.

கலியாணம் வைகாசியில் நடந்தது. அந்தக் கட்டி இப்போதும் ஹோர்ஸ்டின் வீட்டு அலுமாரியில், சங்கிலி தொங்க வேண்டிய ஆணிக்குக் கீழே இருக்கிறது. குளிசைப் பெட்டியை அவர் விடவில்லை. காற்றடிக்கிற நாளில் என் மனுசனிடம், "இண்டைக்குப் புதன்கிழமையை எடு" என்று தமிழிலேயே கேட்கிறாராம்.

நான் துடைக்கிற துணியைக் கையில் எடுத்தாலே வீட்டில் எல்லோரும் தங்கள் தங்கள் சாமானைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். அதைக்கூடப் பொறுப்பேன். ஆனால் தமிழ் ஆட்களின் விசேஷங்களில் யாராவது ஒரு மனுசி என் காதருகே குனிந்து, "மருமோன் எந்த ஆக்களக்கா?" என்று கேட்கும்போது, என் மனுசன் எங்கிருந்தோ வந்து முந்திக்கொள்வார்.

"எங்கட ஆக்கள்தான் தங்கச்சி. ஒண்டா வைச்சால் உருகிற ஆக்கள்."

கேட்டவளுக்கு ஒன்றும் விளங்காது. யாழினி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். நான் எழும்பிப்போய் அந்த மண்டபத்துக் கோப்பைகளைக் கழுவுவேன்.